தேனீக்களுக்குச் சொன்ன ஆள்

ஜேபஸ் ஹாக்கட்டைக் கொன்றது திர்சாவின் கறியடைதான் என்று நெதர் ஸ்டோவர் ஊர் முடிவு கட்டிவிட்டது. அவரைக் குழியில் இறக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. டாக்டர் என்னவோ இதயம் நின்றுபோனது என்றுதான் சொன்னார். ஆனால் அதே டாக்டர் கொல்லன் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லப்போய், கட்டி கடைசியில் இரட்டைப் பிள்ளையாக வெளியே வந்து அழுதது. அதற்கப்புறம் அவர் வாய்ச்சொல்லை ஊரில் யாரும் சட்டை செய்வதில்லை.

திர்சாவுக்குப் புருஷன் இல்லை. கல் குவாரியில் மண் சரிந்து அவன் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அடுப்புதான் அவளுக்குப் புருஷன். வெண்ணெய் போட்டுப் பிசைந்த மாவைத் தட்டில் விரித்து, உள்ளே முயல்கறியை நிரப்பி, மேலே இன்னொரு மாவால் மூடி, விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திச் சுட்டெடுப்பாள். இலையுதிர் காலத்தில் ஆற்றோரப் புல்வெளியில் காளான் முளைக்கும். அதையும் பறித்துக் கறியோடு சேர்ப்பாள். அந்தக் காளானைத்தான் ஊர் இப்போது பிடித்துக்கொண்டது. நல்ல காளான் எது, நச்சுக் காளான் எது என்று கிழவிக்குக் கண் தெரியாமல் போய்விட்டது என்றார்கள். கிழவி அறுபதைத் தாண்டியிருந்தாள், உண்மைதான். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜேபஸ் வீட்டில் ஒரு கறியடை வைத்துவிட்டு வருவதும், சனிக்கிழமை காலையில் போய்த் தட்டை எடுத்து வருவதும் அவளுக்கு வழக்கம். அந்தச் சனிக்கிழமையும் போனாள். ஜேபஸ் கணப்புப் பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. முழங்காலில் கம்பளி போர்த்தியிருந்தது. மேசையில் கறியடை பாதிக்குமேல் காலியாகியிருந்தது. அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். கணப்பில் கிடந்த சாம்பலைவிடக் குளிர்ந்திருந்தது.

அவள் கத்தவில்லை. ஊரைக் கூப்பிடவும் இல்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. தேனீ வளர்க்கிற வீட்டில் சாவு விழுந்தால் முதலில் தேனீக்களுக்குச் சொல்ல வேண்டும். வாசல் சாவியால் பெட்டியைத் தட்டி, இன்னார் போய்விட்டார் என்று பேரைச் சொல்லி, கறுப்புத் துணி கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவை மனம் கசந்து கூட்டோடு கிளம்பிவிடும், அல்லது உள்ளேயே கிடந்து செத்துப்போகும். இது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். திர்சா சாவியைத் தேடினாள். ஆணியில் சாவி இல்லை. தன் கறுப்புக் கழுத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டு பின்தோட்டத்துக்குப் போனாள்.

சுவரோரம் வரிசையாக இருந்த பெட்டிகளில் முதல் பெட்டிமேல் சாவி கிடந்தது. பெட்டியைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டு நாடா கட்டியிருந்தது. பனி விழுந்து நாடா நனைந்திருந்தது. ஆக, ராத்திரியே கட்டியிருக்கிறார்கள்.

திர்சா அங்கேயே நின்றாள். ஜேபஸ் செத்தது தனக்கு முன்னால் யாருக்கோ தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அந்த ஆள் மனிதர்களிடம் சொல்லவில்லை, தேனீக்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. கிழவனை ஒற்றையாக உட்காரவைத்துவிட்டுப் போக எவனுக்கு மனம் வந்தது என்ற கோபம்.

கான்ஸ்டபிள் பெல்லமி சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். சின்ன வயசு, பட்டணத்துப் பையன், மரியாதை தெரிந்தவன். பெட்டியையும் வந்து பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"திர்சாம்மா, தேனீயைச் சாட்சின்னு நான் எழுதிக் குடுத்தா, எங்க இன்ஸ்பெக்டர் என்னையும் ஒரு பெட்டிக்குள்ள போட்டு மூடிடுவாரு."

"தேனீ சாட்சி சொல்ல வேணாம் தம்பி. நாடா தானா வந்து கட்டிக்குமா? அதைக் கேளு."

மிச்சக் கறியடையைப் பட்டணத்துக்கு அனுப்பிச் சோதிக்கலாம், அதில் எல்லாம் தெளிந்துவிடும் என்றான் அவன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. பாதிரியார் மனைவி மிஸஸ் ஆல்டன் பிணத்தைக் கழுவிக் கிடத்த வந்தவர், வேறு யாரும் தெரியாமல் தின்றுவிடக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் மிச்சத்தை அடுப்பில் போட்டு எரித்துவிட்டார். திர்சா பக்கம் நின்றிருக்கக்கூடிய ஒரே சாட்சி புகைபோக்கி வழியாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவள் அடை விற்கிற ஜன்னலுக்கு யாரும் வரவில்லை. சந்தைப் பக்கம் போகிற பண்ணையாட்கள் அந்த இடம் வந்ததும் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்கள். 'வெள்ளைக் கலைமான்' மதுக்கடைக்காரன் டிக் ஸ்வேன், இனிமேல் கடையில் அவள் அடைக்குப் பதில் வெறும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மட்டும் வைக்கப்போவதாகவும், தனக்கு ஒன்றுமில்லை, வாடிக்கைக்காரர்கள்தான் முகம் சுளிக்கிறார்கள் என்றும் சொல்லி அனுப்பினான். நேரில் வந்து சொல்லவில்லை. அடுப்பு அணைந்தால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. குளிர் காலம் வேறு வாசலில் நின்றது. அக்கா மகள் பிரிஸ்டலில் இருந்தாள். அங்கே போய் ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று ஊரே அவளுக்காக யோசித்து முடித்துவிட்டது.

ஒருநாள் காலையில் ஜன்னல் விளிம்பில் யாரோ சிவப்பு நச்சுக் காளான்களைக் குவித்து வைத்திருந்தார்கள். திர்சா அவற்றை ஒரு பூச்சாடியில் அடுக்கி, தெருவைப் பார்த்து ஜன்னலிலேயே வைத்தாள். வைத்துவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து துணி தைத்தாள். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்தான். பார்த்தவனை அவளும் நேருக்கு நேர் பார்த்தாள்.

மிஸஸ் ஆல்டன் வந்தது அன்றைக்குத்தான். பூச்சாடியைப் பார்த்ததும் பேச வந்த வார்த்தையில் பாதி அவருக்கு மறந்துபோனது. சனிக்கிழமை அறுவடை விருந்து. எத்தனையோ வருஷமாக அதற்குக் கறியடை திர்சா வீட்டிலிருந்துதான் போகும். அதைப் பற்றித்தான் சுற்றிச் சுற்றிப் பேசினார். வேலை அதிகம், வயசும் ஆகிறது, மனசும் கலங்கியிருக்கும் என்றார்.

"இந்த வருஷம் நீங்க ஓய்வெடுத்துக்கலாமேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க, திர்சா."

"எல்லாரும்னா யாரும்மா? பேரைச் சொல்லுங்க, போய்க் கேட்டுட்டு வர்றேன்."

"அப்படி யாரும் குறிப்பா..."

"அப்ப யாரும் நினைக்கல. நான் கொண்டு வர்றேன். எப்பவும் கொண்டு வர்ற மாதிரியே, காளான் போட்டு."

மிஸஸ் ஆல்டன் தேநீரை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. எழுந்து போனபோது கோப்பை நிறைய அப்படியே இருந்தது.

சாவு காரியம் நடந்த அன்று திர்சா தேவாலயத்தில் முன்வரிசையில் தன் வழக்கமான பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அதே பெஞ்சில் இருந்தவர்களுக்குத் திடீரென்று இருமலும் காற்றும் வெளிச்சமும் தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தன. ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். அவள் நகரவில்லை. பாட்டையும் வழக்கத்தைவிட உரக்கவே பாடினாள். அவளுக்குச் சுருதி சேராது. அதைப் பற்றி அன்றைக்கு அவள் கவலைப்படவில்லை.

வெளியே வந்தபோதுதான் எனோக் கண்ணில் பட்டான். ஜேபஸின் தம்பி. இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். பேச்சு நின்று கால் நூற்றாண்டு இருக்கும். அப்பா விட்டுப்போன தேனீயில் ஒரு கூட்டம் பிரிந்து பறந்து எனோக்கின் பேரிக்காய் மரத்தில் போய் அடைந்தது. ஜேபஸ் தகரத்தைத் தட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். தகரம் தட்டிக்கொண்டு துரத்தி வருகிறவனுக்குத்தான் கூட்டம் சொந்தம் என்பது ஊர் நியாயம். தட்டுகிற சத்தம் தன் காதில் விழவே இல்லை, கூட்டம் தன் மரத்தில் இருக்கிறது, ஆகையால் தன்னுடையது என்றான் எனோக். அன்று மதுக்கடையில் நின்று, இனி ஜேபஸ் வாசல்படியை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான். மிதிக்கவும் இல்லை. ஊருக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. வெளியூர்க்காரன் வந்தால் எனோக்கைக் காட்டிக் கதை சொல்வார்கள்.

அண்ணன் சாவுக்கும் அவன் உள்ளே வரவில்லை. கல்லறைத் தோட்டத்து வாயிலுக்கு வெளியே வேலியோரமாக நின்றான். நல்ல கறுப்புத் தொப்பி போட்டிருந்தான். சவப்பெட்டியை எடுத்துப் போகும்போது தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தான். தொப்பியைச் சுற்றி நாடா இல்லை. நாடா இருந்த இடம் வெளுக்காமல் ஒரு வளையமாகத் தெரிந்தது.

திர்சாவுக்கு எல்லாம் அப்போதே விளங்கிவிட்டது. தேனீக்குச் சொல்ல வேண்டும் என்று வெளியூர்க்காரனுக்குத் தோன்றாது. உள்ளூர்க்காரன் என்றால் தேனீக்குச் சொல்லிவிட்டு ஊரையும் கூப்பிட்டிருப்பான். சொல்லத் தெரிந்தும் வாயைத் திறக்க முடியாதவன் இந்த ஊரில் ஒருத்தன்தான்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனாள். எனோக் பேரிக்காய் மரத்தடியில் விழுந்த பழங்களைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள். சுற்றி வளைக்கத் தேவையில்லை.

"தொப்பி நாடாவை எங்க விட்ட எனோக்?"

அவன் நிமிரவில்லை. ஒரு பழத்தை எடுத்து, அழுகலைப் பார்த்து, வீசினான். பிறகு இன்னொன்று. திர்சா போகிற மாதிரி இல்லை என்று தெரிந்த பிறகு கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

மெல்ல மெல்லச் சொன்னான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலியோரம் நின்றிருந்தானாம். அந்தப் பக்கம் ஜேபஸ் வந்து நின்றாராம். முகம் மெழுகு மாதிரி இருந்ததாம். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வானத்தைப் பார்த்தார்களாம்.

"அப்புறம் அவன் சொன்னான், அடை பெருசா இருக்கு, வந்தா வா வராட்டிப் போன்னு. அவ்வளவுதான். இத்தனை வருஷத்துக்கு அவ்வளவுதான் பேச்சு."

எனோக் உள்ளே போய் முகம் கழுவி, நல்ல தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். சொந்த அண்ணன் வீட்டுக்கு, சந்துக்கு அந்தப்புறம். கறியடையில் பெரிய பாதியை அவனே தின்றிருக்கிறான். ஜேபஸ் ரெண்டு வாய்க்குமேல் தொடவில்லையாம். தேனைப் பற்றி, இந்த வருஷத்து மழையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். தகரம் தட்டின சத்தம் அன்றைக்கு நன்றாகவே கேட்டது என்று எனோக் ஒப்புக்கொண்டிருக்கிறான். ஜேபஸ் சிரித்தாராம். சிரித்துவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

கண்ணை மூடிவிட்டதும் கம்பளி போர்த்தியதும் யார் என்று திர்சாவுக்கு இப்போது தெரிந்தது. ஆனாலும் அவள் வந்த காரியம் அப்படியே நின்றது.

"நீ தின்னுட்டு உயிரோட பழம் பொறுக்குற. அதை ஊருல சொல்லிடு. போதும்."

"முடியாது திர்சா."

"ஏன்?"

"அந்தப் படியை மிதிக்கமாட்டேன்னு சொன்னவன்னுதான் இந்த ஊருல எனக்குப் பேரு. வேற என்ன பேரு இருக்கு எனக்கு? அதோட அவனை அப்படியே உட்காரவச்சுட்டு வந்தேனே, அதுக்கு என்ன பேரு குடுப்பாங்க? விடியட்டும், யாராச்சும் பார்த்துச் சொல்லட்டும்னு வந்துட்டேன். கால் நிக்கல."

"எனக்கு என்ன பேரு குடுத்திருக்காங்கன்னு கேட்டியா நீ?"

கேட்டேன் என்றான். தரையைப் பார்த்தான். திர்சாவே போய்ச் சொன்னால்கூடத் தான் இல்லை என்றுதான் சாதிப்பேன் என்று முனகினான்.

"சாதி. நான் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன், கெஞ்சவும் மாட்டேன். சனிக்கிழமை என் அடை மேசைமேல இருக்கும். அதுக்குப் பக்கத்துல நான் இருப்பேன். பிரிஸ்டலுக்குப் போறவ நான் இல்ல. இந்த ஊரு என்னைக் கொலைகாரின்னு கூப்பிடணும்னா, தினமும் காலையில என் முகத்தைப் பார்த்துக் கூப்பிடட்டும்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். மாவுப் பலகையைத் துடைத்து வைத்தாள். அவன் வர மாட்டான் என்றுதான் நினைத்தாள். இருந்தாலும் முயல்கறிக்குச் சொல்லி அனுப்பினாள். கூடையை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில், ஊர் பார்க்க, ஆற்றோரப் புல்வெளிக்குப் போய்க் காளான் பறித்தாள்.

அறுவடை விருந்து பெரிய களஞ்சியத்தில் நடந்தது. உத்தரத்தில் கோதுமைக் கதிர்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பன்றித் தொடை, வெங்காய ஊறல், ஆப்பிள் சாராயம், சுட்ட ரொட்டி எல்லாம் நீள மேசையில் நிறைந்திருந்தது. திர்சா தன் கறியடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். வழக்கத்தைவிடப் பெரியது. மிஸஸ் ஆல்டன் ஓரத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். திர்சா பன்றித் தொடையைச் சற்றுத் தள்ளிவிட்டு நட்டநடுவில் வைத்தாள்.

பாதிரியார் ஜபம் செய்தார். எல்லாரும் தட்டை நிரப்பினார்கள். கைகள் கறியடையைத் தாண்டி உப்புக்கும் கடுகுக்கும் போயின. அதன்மேல் சட்டைக் கை படாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பூண்டி என்ற வண்டிக்காரன் பக்கத்தில் இருந்தவனிடம், உயில் எழுதியாச்சா, எழுதினா ஒரு துண்டு எடுத்துக்கோ என்றான். நாலு பேர் தட்டுக்குள் முகத்தை வைத்துச் சிரித்தார்கள்.

திர்சா கத்தியை எடுத்து விளிம்போடு ஒரு துண்டு வெட்டினாள். ஆவி கிளம்பியது. அந்த வாசனைக்கு ஒரு காலத்தில் இதே ஆட்கள் வரிசையில் நின்று முட்டிக்கொண்டவர்கள். அவள் துண்டைத் தன் தட்டில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், நிதானமாகத் தின்றாள். கான்ஸ்டபிள் பெல்லமி பாவம், எழுந்திருக்கலாமா என்று பார்த்தான். மதுக்கடைக்காரன் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தான். வேலையில் இருக்கிறவன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா என்று காதில் ஓதினான்.

அப்போதுதான் களஞ்சியக் கதவு திறந்தது. எனோக் ஹாக்கட் விருந்துக்கு வருவதே இல்லை. ஜேபஸின் தேன் மேசையில் இருக்கும் என்பதால் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டான். இப்போது நாடா இல்லாத தொப்பியோடு வந்து நின்றான். பேச்செல்லாம் அடங்கியது. அவன் மேசையைச் சுற்றி நடந்து வந்து திர்சாவுக்கு எதிரில் நின்றான். கத்திக்குக் கை நீட்டினான். கொடுத்தாள்.

அவன் வெட்டிய துண்டு சின்னத் துண்டு இல்லை. நின்றபடியே கையில் எடுத்துக் கடித்தான். மென்றான். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"போன வாரம் வெள்ளிக்கிழமை ஜேபஸ் வீட்டுல இதுல பாதியை நான்தான் தின்னேன். அவன் நாற்காலிக்கு எதிர்ல உட்கார்ந்து. அப்பவே இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லாருக்கும்னு இருந்துச்சு."

கான்ஸ்டபிள் மெதுவாக, படியை மிதிச்சீங்களா என்று கேட்டான்.

"மிதிச்சேன். அவன் கூப்பிட்டான், மிதிச்சேன். அவன் என் கண்ணெதிர்ல போனான். நான் தேனீக்குச் சொன்னேன், உங்களுக்குச் சொல்லல. அந்த வெக்கம் என்னுது. இந்தப் பொம்பளைக்கு அதுல பங்கு இல்ல." பிறகு பூண்டியைப் பார்த்தான். "சிரிக்கிறதுன்னா என்னைப் பார்த்துச் சிரி."

பூண்டி சிரிக்கவில்லை. திர்சா பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தாள். எனோக் உட்கார்ந்தான். அவள் ஒரு தட்டை அவன் முன்னால் நகர்த்தி, அதில் இன்னொரு துண்டு வைத்தாள்.

அப்புறம் களஞ்சியத்தில் இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசி வந்தது. தனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இல்லை என்று டிக் ஸ்வேன் சொன்னான். காளானில் குறை சொன்னது தான் இல்லை என்று இன்னொருத்தி சொன்னாள். மிஸஸ் ஆல்டன் எழுந்து, முகமெல்லாம் சிவக்க, தன் தட்டை நீட்டினார். நாம் எல்லாருமே கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோம் என்றார். மனதோடுதான் சொன்னார். அது திர்சாவுக்கும் தெரிந்தது.

திர்சா நீட்டிய தட்டைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் நீண்ட மற்றத் தட்டுகளையும் பார்த்தாள். கறியடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது பந்தியில வச்சிருந்தப்ப யாருக்கும் வேணாம். இப்ப இது எனக்கும் எனோக்குக்கும் மட்டும்தான். திங்கக்கிழமை அடுப்பு மூட்டுவேன். வேணும்கிறவங்க ஜன்னலுக்கு வாங்க. ஆள் அனுப்பாம நீங்களே வாங்க. முகத்தைப் பார்த்துக் கேளுங்க. தர்றேன்."

"இவ்வளவையும் ரெண்டு பேரா தின்னுடுவீங்க?" என்று டிக் ஸ்வேன் ஏக்கத்தோடு கேட்டான்.

"எங்களுக்கென்ன அவசரம்," என்றாள் திர்சா.

அவர்கள் தின்றார்கள். அவசரமே இல்லாமல், ஒரு வாய் அடை, ஒரு வாய் ஆப்பிள் சாராயம் என்று. ஊர் ஆறிப்போன பன்றித் தொடையை மென்றுகொண்டு பார்த்தது. கான்ஸ்டபிள் மட்டும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, முதலிலேயே தான் கோட்டை உதறிவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்று சொன்னான். அவனுக்கு விளிம்பிலிருந்து ஒரு துணுக்குக் கிடைத்தது.

விருந்து முடிந்தால் பின்பக்கம் போய்ப் பாத்திரம் கழுவுவதும் திர்சாவின் வழக்கம். அன்றைக்கு அவள் கொக்கியிலிருந்து சால்வையை எடுத்தாள். காலியான தட்டு மேசைமேல் குழம்பு காய்ந்து கிடந்தது. மிஸஸ் ஆல்டன் அதைக் கையில் எடுத்து, இதை என்ன செய்வது என்கிற மாதிரி அவளைப் பார்த்தார்.

"கழுவி வைங்கம்மா," என்றாள் திர்சா. "திங்கக்கிழமை ஜன்னலுக்கு வரும்போது கொண்டு வாங்க."